விமானத்தில் உறைய வைத்த சாப்பாடு: 14 மணி நேரப் பயணம், கடைசியில் ஒரு தீவு. உருகாமல் கொண்டு போக முடியுமா?

இரட்டைவால்குருவி கேட்டது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஏழு நாளுக்கு ஒரு சின்னத் தீவுக்குப் போகிறோம். நான், கணவர், ஐந்து வயது மகன். மகனுக்குப் பால், முட்டை, வேர்க்கடலை, எள் நான்கும் ஒவ்வாது. ஒரு தடவை யாரோ கொடுத்த ஒரு துண்டு பிஸ்கட்டில் மூச்சுத் திணறி, மருத்துவமனையில் ஓர் இரவு முழுக்க அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவன் சாப்பாடு நான் சமைத்ததுதான். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

தங்கும் இடத்தில் அடுப்பு கிடையாது. ஒரு மைக்ரோவேவ், மேலே சின்ன ஃப்ரீசர் உள்ள ஒரு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். தீவில் இருக்கும் ஒரே கடைக்கும் வாரம் இரண்டு படகில்தான் சாமான் வருமாம். அதனால் இங்கேயே சமைத்து, உறைய வைத்து, எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். மதியமும் இரவுமாக 14 வேளை, வேளைக்கு 300 கிராம் வைத்தால் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காலைக்கு ரொட்டி, இரண்டு டப்பா சூப் எல்லாம் சேர்த்தால் 6 கிலோ வரும்.

வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். முதல் விமானம் நான்கு மணி. நடுவில் இறங்கி மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விமானம், கடைசியில் 45 நிமிடம் படகு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 14 மணி நேரம்.

ஐஸ் பெட்டியை லக்கேஜில் போடுவதா, கையில் வைத்துக்கொள்வதா? டிரை ஐஸ் கொண்டு போக விடுவார்களா? விமானத்தின் லக்கேஜ் அறை ஃப்ரீசர் மாதிரி குளிராக இருக்கும், எதுவும் உருகாது என்று உறவினர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மீன்கொத்தி எழுதியது:

தாராளமாக முடியும். நாங்கள் வருடத்துக்கு ஒரு முறை தூண்டில் போடப் போய், பிடித்த மீனை உறைய வைத்து விமானத்தில்தான் கொண்டு வருகிறோம். என் அனுபவத்தில் முக்கியமானது இரண்டு.

ஒன்று, காற்று இடைவெளி. பெட்டிக்குள் எவ்வளவு காலி இடம் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் உருகும். உணவை அடுக்கிய பிறகு இண்டு இடுக்கெல்லாம் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். மேலே ஒரு துண்டை மடித்து வைத்து, மூடி அழுந்தி மூடும்படி செய்யுங்கள்.

இரண்டாவது, ஒழுகக் கூடாது. ஒரு தடவை சாதாரண ஐஸ்கட்டியைக் கொட்டி எடுத்துப் போனேன். வரிசையில் நிற்கும்போதே பெட்டியின் மூலையில் தண்ணீர் சொட்டியது. கவுன்டரில் இருந்தவர் பெட்டியை ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஐஸைக் கழிவறையில் கொட்டி, மீனைத் துடைத்து, துணியில் சுற்றிக் கட்ட வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து வெறும் ஐஸ் தொடுவதில்லை. பெட்டிக்குள் முதலில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கிக் கட்டிவிடுவேன்.

ஏணிப்படி எழுதியது:

சகோதரி, நான் ஒன்பது வருடம் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவன். உங்கள் உறவினர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் நிறைய பேர் உணவைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே −50 டிகிரிக்கும் கீழே இருக்கும், அது சரி. ஆனால் லக்கேஜ் அறையிலும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. பயணிகள் பகுதியிலிருந்து வெளியேறும் காற்று அதைச் சுற்றித்தான் போகிறது. பெரிய விமானங்களில் அந்த அறை பொதுவாக உறைநிலைக்கு மேலேதான் இருக்கும். ஃப்ரீசர் என்று நினைக்காதீர்கள், குளிர்ந்த அறை என்று நினையுங்கள்.

உண்மையில் பறக்கும் நேரம் உங்கள் பெட்டிக்கு நல்ல நேரம். கெட்ட நேரம் தரையில் இருக்கிறது. பெட்டிகளை வண்டியில் அடுக்கி விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்துவோம். சில நாள் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடுவோம், சில நாள் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கும். வண்டியின் இரும்புத் தட்டில் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். அதன் மேல்தான் உங்கள் பெட்டி உட்கார்ந்திருக்கும். நடுவில் விமானம் மாறினால் இது இரண்டு தடவை நடக்கும். அதனால் தெர்மகோல் பெட்டியை அப்படியே அனுப்பாதீர்கள். விழுந்தால் மூலை உடையும், வெயிலும் நேரே படும். அதை ஒரு கெட்டியான சூட்கேஸுக்குள் வைத்து, சுற்றிலும் உங்கள் துணிமணிகளை அடையுங்கள். துணி எப்படியும் கொண்டு போகத்தான் போகிறீர்கள், அதுவே ஒரு போர்வையாகிவிடும்.

அடுத்தது ஐஸ் பேக். இதைக் கவனமாகப் படியுங்கள், பலர் தவறவிடும் இடம் இது. சாதாரணத் தண்ணீர் 0 டிகிரியில் உருகும். ஆனால் சமைத்த உணவிலும் இறைச்சியிலும் இருக்கும் தண்ணீர் உப்பும் சாரமும் கலந்தது. அது −1, −2 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அதாவது ஐஸ் பேக் உருகத் தொடங்கும் முன்பே உங்கள் உணவு உருகத் தொடங்கிவிடும்! ஐஸ் பேக் உணவைக் காப்பாற்ற வேண்டும், இங்கே உணவு ஐஸ் பேக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக் கல் மாதிரி இருக்கும், சாப்பாடு மட்டும் கொழகொழவென்று இருக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு வழி உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, கெட்டியான ஜிப் பைகளில் ஊற்றி, ஒவ்வொன்றையும் இரண்டாவது பையில் போட்டு உறைய வையுங்கள். இதிலுள்ள ஐஸ் முழுக்க உருகி முடியவே சுமார் −6 டிகிரி ஆகும். அதுவரை உங்கள் உணவை அது காவல் காக்கும். உப்பை இன்னும் அள்ளிப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 23 சதவீத உப்புக் கரைசல் −21 டிகிரியில்தான் உறையும், வீட்டு ஃப்ரீசர் −18 டிகிரிதான். உறையவே உறையாது.

டிரை ஐஸ் விஷயம். உலக அளவில் பயணிகளுக்கான விதி, ஒருவருக்கு 2.5 கிலோ வரை. விமான நிறுவனத்தின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். பெட்டியின் மேல் டிரை ஐஸ் என்றும் எத்தனை கிலோ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடவே கூடாது. டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. −78 டிகிரியில் இருக்கும், உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகிவிடும். வாயு வெளியேற வழியில்லையென்றால் பெட்டி வெடித்துத் திறக்கும். தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பெட்டியாக இருந்தால் அடைப்பானைத் திறந்துவிடுங்கள். வெறும் கையால் தொடக் கூடாது, தோல் வெந்துபோகும். விமான நிலையத்துக்குப் போகும்போது காரில் கண்ணாடியை இறக்கி வையுங்கள், குழந்தை பின்னால் உட்கார்ந்திருப்பான். நியாயமாகச் சொன்னால் குளிருக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் இரண்டாவதாக ஏறும் சின்ன விமானமும் சம்மதிக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களும் எழுத்தில் சரி என்று சொல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 14 மணி நேரத்துக்கு உப்பு ஐஸே போதும் என்பது என் எண்ணம்.

கையில் எடுத்துப் போகும் பையில் ஜெல் பேக் வைக்காதீர்கள். சோதனையில் கல்லாக உறைந்திருந்தால் பல இடங்களில் விடுவார்கள். ஆனால் நீங்கள் நடுவில் இறங்குகிறீர்கள். அங்கே இன்னொரு சோதனை இருந்தால், அதற்குள் அது பாதி இளகியிருக்கும். இளகினால் திரவம், திரவம் என்றால் பல விமான நிலையங்களில் 100 மில்லி கணக்கு, தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சூப்புக்கும் அதே கதிதான். குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்தால் தேவைப்படும் உணவுக்கும் பல நாடுகளில் விலக்கு உண்டு, ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, கட்டாயம் செய்யுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். அதே பெட்டி, அதே எடை, 14 மணி நேரம், வீட்டிலேயே சூடான இடத்தில். உணவுக்குப் பதில் தண்ணீர்ப் பைகளை வைக்காதீர்கள், உணவையே வையுங்கள்.

ஆமைக்குட்டி எழுதியது:

எல்லோரும் ஐஸைப் பற்றியே பேசுகிறீர்கள். தீவு எந்த நாட்டில் இருக்கிறது, எந்த நாட்டிலிருந்து போகிறார்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

எல்லை தாண்டுகிறீர்கள் என்றால் முதலில் அந்த நாட்டின் சுங்க, வேளாண் விதிகளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெரும்பாலான வெளிநாடுகளிலிருந்து பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டு வரவே கூடாது. சமைத்ததாக இருந்தாலும் இறைச்சி இறைச்சிதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் எந்த உணவையும் வருகைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அங்கேயே அபராதம். ஒரே நாட்டுக்குள் என்றாலும் தீவுகளுக்குத் தனி விதி இருக்கலாம். கலாபகோஸ் தீவுகளுக்கு ஈக்வடாரின் பெருநிலத்திலிருந்து போனால்கூட விமானம் ஏறும் முன் பைகளைச் சோதிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு விதையோ பூச்சியோ தீவின் உயிரினங்களை அழித்துவிடும் என்பதுதான் காரணம். அதில் நியாயம் இருக்கிறது.

மருத்துவர் கடிதம் இருந்தாலும் தடை செய்த பொருள் தடை செய்ததுதான். பறிமுதல் ஆனால் உங்கள் மகனுக்கு ஏழு நாள் சாப்பாடு இருக்காது. அதை நினைத்துத்தான் சொல்கிறேன்.

இரட்டைவால்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆமைக்குட்டி, ஒரே நாட்டுக்குள்தான் போகிறோம். இருந்தாலும் நீங்கள் சொன்ன பிறகு தீவின் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன். சமைத்த உணவுக்குத் தடை இல்லை, மண் ஒட்டிய காய், செடி, விதைதான் கூடாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்துவிட்டேன்.

ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை. ரொட்டியை மேலே அடுக்கியதால் ஒரு மூலையில் ஒரு கை அளவு காலி இடம் விழுந்துவிட்டது. அந்த மூலையில் இருந்த பொட்டலங்கள் விரலால் அமுக்கினால் குழிந்தன. மீன்கொத்தி சொன்னது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது தடவைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். முதலில், சூப்பைத் தவிர மற்றதற்கெல்லாம் டப்பாவைக் கைவிட்டேன். சமைத்து ஆறியதும் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, தட்டில் படுக்க வைத்து இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாக உறைய வைத்தேன். புத்தகம் மாதிரி ஆகிவிட்டன. 14 பையையும் செங்குத்தாக வரிசையாக நிறுத்தினால் நடுவில் தாள் நுழையக்கூட இடமில்லை. மொத்தமும் ஒரே கட்டி மாதிரி இருந்தது. உப்பு ஐஸ் இரண்டு கிலோ, அடியிலும் மேலும் பக்கங்களிலுமாக. சூட்கேஸுக்குள் பெட்டி, சுற்றிலும் துண்டுகள். உணவை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்திருந்து எடுத்து அடுக்கி, மதிய வெயில் விழும் அறையில் வைத்தேன். 14 மணி நேரம் கழித்துத் திறந்து நடுப்பையில் கத்தி முனையை வைத்து அழுத்தினேன், இறங்கவில்லை. தெர்மாமீட்டர் −4 காட்டியது.

இரண்டு சந்தேகம். உப்பு ஐஸ் ஃப்ரீசரிலேயே கல்லாகவில்லை, ஈர மணல் மாதிரி இருக்கிறது. அது சரியா? வழியில் உருகித் திரும்ப உறைந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? படகுக்காரர்கள் எங்காவது ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் தொட்டுப் பார்த்தால் கல்லாகத்தான் இருக்கும். பெரியவர்கள் சாப்பாடு என்றால் பரவாயில்லை, இது அவனுக்கு.

ஏணிப்படி எழுதியது:

ஈர மணல் மாதிரி இருப்பது சரிதான். அந்த உப்பு அளவுக்கு வீட்டு ஃப்ரீசரில் கொஞ்சம் திரவம் எஞ்சியே இருக்கும். அதனால்தான் அது லக்கேஜில் மட்டும் போக வேண்டும், கைப்பையில் கூடாது. இரட்டைப் பை போட்டிருக்கிறீர்கள் அல்லவா, உப்புத் தண்ணீர் ஒழுகினால் மற்றவர் பெட்டியும் பாழாகும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்னப் பாட்டில் போதும். பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, படுக்க வைத்து உறைய விடுங்கள். ஐஸ் பாட்டிலின் ஒரு பக்கம் முழுக்க நீளமாகப் படிந்திருக்கும். பெட்டியில் வைக்கும்போது நிமிர்த்தி வையுங்கள். போய்த் திறக்கும்போது ஐஸ் அதே பக்கத்தில் நீளமாக ஒட்டியிருந்தால் பாட்டில் ஐஸ் உருகிவிடவில்லை; உணவு கொஞ்சம் இளகியிருந்தாலும் பாட்டில் இருந்த இடம் 0 டிகிரியைத் தாண்டவில்லை. அடியில் குட்டையாக உறைந்திருந்தால் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

உருகிவிட்டாலும் பதற வேண்டாம். உணவில் ஐஸ் துகள்கள் தெரிந்தாலோ, 4 டிகிரிக்குள் இருந்தாலோ திரும்ப உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் குறையும். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது, கெடுதி செய்யும் கிருமி எல்லாம் நாறாது.

சொல்ல மறந்தது: சின்ன விமானத்தில் எடை அதிகமானால் சில பெட்டிகளை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவார்கள். பெட்டியில் உணவு இருக்கிறது, குழந்தைக்கானது என்று கவுன்டரிலேயே சொல்லுங்கள். எப்படியும் இரண்டு நாளுக்கு உருகினாலும் கெடாத உலர்ந்த உணவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்க வாய்ப்புண்டு. உள்ளே ஒரு பாக்கிங் டேப் சுருளையும், திரும்ப இறுக்கி ஒட்டச் சொல்லி ஒரு சீட்டையும் வையுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படிச் சீட்டு இருந்த பெட்டியை யாரும் பாதி ஒட்டி விட்டதில்லை.

இரட்டைவால்குருவி எழுதியது:

திரும்பி வந்துவிட்டோம். இதைப் படிக்கப் போகும் அடுத்தவருக்காக எழுதுகிறேன்.

ஏணிப்படி பயந்ததுதான் நடந்தது. சின்ன விமானத்தில் எங்கள் பெட்டி ஏறவில்லை. கவுன்டரில் சொல்லியும் நடந்தது. நாங்கள் தீவில் இறங்கி, வெறும் கையோடு நின்றோம். அடுத்த விமானம் நான்கு மணி நேரம் கழித்து, அதற்குப் பிறகுதான் படகு. 14 மணி நேரம் 18 மணி நேரமானது. அன்று இரவு அவன் கைப்பையில் இருந்த ரொட்டியையும் உலர்ந்த பழத்தையும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். அந்தப் பை இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

பெட்டி வந்தபோது இரவு பதினொன்று. டேப் புதிதாக ஒட்டியிருந்தது, யாரோ திறந்து பார்த்து நேராக ஒட்டியிருக்கிறார்கள். திறந்ததும் உணவைத் தொடவில்லை, முதலில் பாட்டிலைத்தான் எடுத்தேன். விளக்குக்கு நேரே பிடித்தேன். ஐஸ் வைத்தபடியே ஒரு பக்கமாக நீளமாக ஒட்டியிருந்தது. ஓரம் மட்டும் லேசாக வழுவழுத்து, கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூல் அளவு தண்ணீர் ஓடியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு பை கல்லாக இருந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு பை வளைந்தது, ஆனால் உள்ளே ஐஸ் துகள் தெரிந்தது. அவற்றை மறுநாள் முதலில் கொடுத்தேன். சூப் இரண்டையும் கொட்டிவிட்டேன். டப்பாவில் இருந்ததால் அவை மட்டும் வட்டமாக இருந்தன, பக்கத்தில் இடைவெளி விழுந்து முழுக்க இளகியிருந்தன, தெர்மாமீட்டரை விட்டால் 9 காட்டியது. இனி எந்த உணவும் தட்டையான பையில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால், தங்கும் இடத்து ஃப்ரீசரில் நேரடியாக அடுக்காதீர்கள். முன்பு தங்கியவர் விட்டுப் போன ஐஸ்கிரீம் தட்டில் வழிந்து உறைந்திருந்தது. நான் ஒரு மூடியுள்ள டப்பா கொண்டு போயிருந்தேன், பைகளை அதற்குள் வைத்தே உள்ளே தள்ளினேன். மைக்ரோவேவுக்கும் எங்கள் பாத்திரம், எங்கள் மூடி.

ஏழு நாளும் அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வெளியே இலையில் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, அவனும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இது என்னோடது, நீங்க உங்களோடத சாப்பிடுங்க" என்று அவனே சொன்னான்.

திரும்பும்போது காலிப் பெட்டியில் ஈரத் துணிகளைப் போட்டுக்கொண்டு வந்தோம். அதுவும் ஒழுகவில்லை.